டிரஸர் காலில் சிவப்புப் புள்ளிகள்

என் கணவருக்கு உலகத்தில் உள்ள எல்லா வியாதிக்கும் ஒரே மருந்துதான் தெரியும், மலேரியாவுக்குக் கொடுக்கிற கசப்பு மருந்து. கொய்னா. மலாயாவில், கிள்ளானுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் அவர் டிரஸராக இருந்தார். டிரஸர் என்றால் டாக்டருக்குக் கீழே, கம்பவுண்டருக்கு மேலே, தன் மனசுக்குள் இரண்டு பேருக்கும் மேலே. தலைவலி என்று யாராவது வந்தால் கொய்னா. வயிற்றுவலி என்றால் விளக்கெண்ணெய், மறுநாள் கொய்னா. கல்யாணமாகிக் கப்பலேறி வந்த புதிதில் நான் அம்மாவை நினைத்து அழுதுகொண்டிருந்தேன். "மலேரியா ஆரம்பிக்கிறப்ப இப்பிடித்தான் மனசு சோந்துபோகும்" என்று எனக்கும் ஒரு அவுன்ஸ் ஊற்றிக் கொடுத்தார். குடித்த கசப்பில் அம்மா ஞாபகம் போய்விட்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இப்படி அவரைக் கேலி செய்வது எனக்குச் சுலபம். ஆனால் நான் வந்த வருஷத்து மழைக்காலத்தை நினைத்தால் கேலி வராது. தோட்டத்துக் கூலிக்காரர்களின் வரிசை வீடுகளான லயங்களில் வீட்டுக்கு வீடு காய்ச்சல். பெரியவர்கள் எழுந்துவிட்டார்கள், குழந்தைகள் பலர் எழவில்லை. அவர் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் வந்து கிணற்றடியில் கைகழுவுவார். தோட்டத்தில் மருந்து இல்லாமலில்லை. வாளி நிறைய இருந்தது. சனங்கள்தான் குடிக்கவில்லை. கொய்னா குடித்தால் காது அடைக்கும் என்றார்கள், அது உண்மை. ஆண்பிள்ளைகளுக்கு ஆண்மை போய்விடும் என்றார்கள், அது பொய். ஆனால் அந்தப் பொய்யைச் சோதித்துப் பார்க்க எவனும் தயாராக இல்லை. வாயில் வாங்கி அடக்கிக்கொண்டு, ரப்பர் மரத்துக்குப் பின்னால் போய்த் துப்பிவிடுவார்கள்.

அதற்குத்தான் அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். விடியற்காலையில் வேலைக்குப் போகுமுன் எல்லோரும் திடலில் வரிசையாக நிற்பார்கள், தோட்டத்தில் அதைப் பெரட்டு என்போம். பெரட்டில் பெயர் கூப்பிட்டு முடிந்ததும், எல்லோருக்கும் கொடுக்கிற அதே வாளியில், அதே அகப்பையில் மொண்டு, முதலில் இவரே குடிப்பார். குடித்துவிட்டு வலது கண் ஒன்றை மட்டும் இறுக்கி மூடிக்கொள்வார். பிறகு ஆவென்று வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கி, இடது பக்கமும் வலது பக்கமும் திரும்பிக் காட்டுவார். உள்ளே ஒன்றுமில்லை என்று முன்வரிசையில் இருப்பவர்கள் பார்த்துச் சொன்ன பிறகுதான் பின்வரிசை நகரும். மழை வெயில் எதற்கும் இது நின்றதில்லை. சனங்களுக்கும் அது பிடித்துப்போனது. காலையில் ஒரு மனுஷன் கஷ்டப்படுவதைப் பார்த்துவிட்டு வேலைக்குப் போவதில் ஒரு திருப்தி இருக்கும்போல. அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சல் பாதியாகக் குறைந்தது. ஒரு குழந்தையையும் நாங்கள் மண்ணுக்குத் தூக்கிக் கொடுக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அவர் காலில் புள்ளிகள் வந்தன.

குளித்துவிட்டு வந்தவர் கெண்டைக்காலில் பார்த்தேன். கடுகளவில், சிவப்பும் ஊதாவுமாக, இரண்டு காலிலும் இறைத்துவிட்டது மாதிரி இருந்தன. அரிப்பு இல்லை. அமுக்கிப் பார்த்தால் மறையவும் இல்லை. எனக்கு உடனே தெரிந்துவிட்டது, மூட்டைப்பூச்சி. கட்டிலை வெளியே இழுத்துப் போட்டு, கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றினேன். கட்டில் கால் ஒன்று உப்பிப் பிளந்துகொண்டது. இரண்டு நாள் தரையில் படுத்தோம். பூச்சி ஒன்றுகூடச் சாகவில்லை, ஏனென்றால் ஒன்றுகூட இல்லை. புள்ளி மட்டும் தொடைவரை ஏறியது.

பெரட்டு எடுக்கிற கங்காணி வந்து பார்த்தார். "கம்பத்து எல்லையில ஒரு பெரிய மரம் இருக்குதில்ல, அதுக்கடியில ஐயா ஒண்ணுக்குப் போனாரா?" என்று என்னைத் தனியாகக் கேட்டார். அது எனக்கு எப்படித் தெரியும்? அந்த மரத்தில் இருப்பது கோபக்காரப் பேய் என்றும், கம்பம் என்று நாங்கள் சொல்லும் மலாய்க்காரர் ஊரிலிருக்கிற மந்திரவாதி எலுமிச்சம்பழத் தண்ணீர் தெளித்தால் சரியாகிவிடும் என்றும் சொன்னார். கணவரிடம் சொன்னேன். "கிறுக்குத்தனமாப் பேசாத" என்றார். ஆனால் அதன்பிறகு அவர் அந்த மரத்தைச் சுற்றிக்கொண்டு நீளமான பாதையில் போய்வந்ததை நானே பார்த்தேன்.

அவருடைய தீர்ப்பு வேறு. "காய்ச்சல் உள்ளுக்குள்ளயே நின்னுக்கிட்டு வெளிய வர வழி தேடுது. அதான் புள்ளியாத் தெரியுது." அதற்கு என்ன செய்வது என்று நான் கேட்கவேண்டியதே இல்லை. காலையில் பெரட்டில் குடிக்கும் ஒரு அகப்பை போதாதென்று, சாயங்காலம் வீட்டில் இன்னொன்று ஆரம்பித்தார். பல் துலக்கினால் ஈறில் ரத்தம் வந்தது. பல் துலக்கும் கரித்தூளில் நான் கல்லையும் சேர்த்து இடித்துவிட்டதாகச் சொன்னார்.

இப்படி இருக்கும்போது கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸிலிருந்து என் நாத்தனார் ரயிலேறி வந்து இறங்கினார். என் கணவருக்கு மூத்தவர், ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தவர். தம்பி காலைப் பார்த்தார். பிறகு எழுந்து நேராக என் அடுப்படிக்குள் போனார். அங்கே அம்மியில் நான் அரைத்து வைத்த பெலாச்சான் சம்பல் இருந்தது. கம்பத்து மலாய்க்கார அக்காவிடம் கற்றுக்கொண்டது. மீன்காரி வாசனைக்கே என் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்ப்பாள், அவ்வளவு நன்றாக வந்திருந்தது அன்றைக்கு.

"அழுகின எறால இடிச்சு என் தம்பிக்குப் போடுறியா?" என்றார் நாத்தனார்.

"அவருதான் அண்ணி கேட்டுக் கேட்டுச் சாப்பிடுறாரு."

"நஞ்சு ருசியாத்தான் இருக்கும்."

டுரியான் பழம் எத்தனை தின்றார், கருவாடு எத்தனை நாள், மிளகாய் எவ்வளவு என்று அவர் கேட்டார், நான் சொன்னேன். எல்லாம் சூடு, ரத்தம் கொதித்துத் தோல் வழியாகப் பொங்குகிறது என்று முடிவாயிற்று. லீவு போட வைத்து, தம்பியைக் கையோடு பிரிக்பீல்ட்ஸுக்கு அழைத்துப்போய்விட்டார். அங்கே ஒரு வாரம் மிளகு ரசமும் பருப்புச் சாதமும். என்ன சொல்ல, புள்ளி அத்தனையும் மறைந்துவிட்டது. ஈறு ரத்தம் நின்றது. கன்னம் கூடக் கொஞ்சம் உப்பியிருந்தது. நாத்தனாரே இரண்டு நாள் தங்குகிற மாதிரி கொண்டுவந்து விட்டார். வாசலில் வைத்தே வேட்டியைத் தூக்கச் சொல்லிக் காலைக் காட்டினார். புள்ளியில்லாத அந்தக் காலைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, பற்றிக்கொண்டும் வந்தது.

மறுநாள் காலை அவர் பெரட்டுக்குப் போனார். ஒரு வாரமாக டிரஸர் இல்லாததால் அரைவாசிப் பேர் மருந்து குடிக்கவில்லை என்று கங்காணி சொன்னதும், அகப்பை நிறைய மொண்டு குடித்தார். மத்தியானத்துக்குள் குளிரில் நடுங்கினார். சாயங்காலம் புள்ளி கழுத்துவரை வந்துவிட்டது.

"நான் ஒண்ணுமே சமைக்கல அண்ணி. நீங்க கட்டிக்கிட்டு வந்த புளிச்சோறத்தான் தின்னாரு."

"எந்தத் தட்டுல தின்னான்?"

"எங்க வீட்டுத் தட்டுலதான்."

"அதான் பாரு. அந்த நாத்தம் தட்டுல ஏறிக் கெடக்கு" என்றார். வழக்கு முடிந்தது. போர்ட் சுவெட்டன்ஹம் துறைமுகத்தில் அடுத்த கப்பலில் என்னை ஊருக்கு ஏற்றிவிடவேண்டும் என்று அவர் தேம்பித் தேம்பி அழுதபோது, அவரோடு சண்டை போட எனக்கு நேரமில்லை. இவர் மூக்கிலிருந்து ரத்தம் நிற்காமல் வந்துகொண்டிருந்தது. கண் மஞ்சளாகியிருந்தது. சிறுநீர் கறுப்புக் கோப்பி நிறத்தில் போனது. என்னைப் பார்த்து, "வரிசையில நில்லும்மா, தள்ளாத" என்றார். பெரட்டில் நிற்பதாக நினைப்பு அவருக்கு. தோட்டத்து லோரியில் ரப்பர் ஷீட்டுகளை இறக்கிவிட்டு அவரை ஏற்றினோம்.

கோலாலம்பூர் ஆஸ்பத்திரியில் எங்களைப் பார்த்த டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். மெலிந்த மனிதர், கேள்வி கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை கண்ணை மூடிக்கொள்வார். என்ன சாப்பிட்டார் என்று கேட்டதுதான் தாமதம், என் நாத்தனார் பெலாச்சானில் ஆரம்பித்து என் சமையல் முழுவதையும், தன் வீட்டில் ஒரு வாரத்தில் புள்ளி மறைந்ததையும் ஒப்பித்தார். நானே மறந்துபோன பதார்த்தங்கள் எல்லாம் அதில் இருந்தன. டாக்டர் கண்ணைத் திறக்கவே இல்லை.

அதற்குள் கட்டிலில் கிடந்தவருக்குக் கொஞ்சம் நினைவு வந்தது. "சார், எனக்கு உள்மலேரியா. சீக்கிரம் கொய்னா குடுக்கச் சொல்லுங்க."

டாக்டர் கண்ணைத் திறந்தார். "நீர் கொய்னா குடிக்கிறனீரோ?"

"தெனமும் குடிக்கிறேன் சார்" என்று பெருமையாகச் சொன்னார்.

"தமக்கை வீட்டில நிண்ட கிழமை?"

"அங்க ஏது சார். அத அக்கா வீட்டுக்குள்ளயே விடமாட்டா. நாத்தம் புடிக்காது."

"திரும்பி வந்து?"

"மறுநாள் காலையில குடிச்சேன்."

டாக்டர் கையிலிருந்த பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்தார். "இனி ஒரு சொட்டும் உம்மட வாயில படக்கூடாது. உம்மட ரத்தத்துக்கு அது ஆகாது. லட்சம் பேர் குடிப்பினம், ஒண்டும் செய்யாது. எங்கேயாவது ஒருத்தருக்கு இப்பிடி வரும். இன்னொருக்கால் குடிச்சால் நான் பார்க்க ஒண்டும் மிஞ்சாது."

"அது மருந்து சார்" என்று என் கணவர், எழுந்து உட்காரக்கூட முடியாத நிலையில், டாக்டரோடு வாதாடினார். "மருந்து எப்பிடிச் சார் கெடுதல் பண்ணும்?"

நாத்தனாருக்குத்தான் மனசு ஆறவில்லை. "அப்ப அந்தப் பெலாச்சான்?" என்று கேட்டார்.

"பெலாச்சானுக்கு என்ன குறை? எனக்கும் விருப்பம்தான்" என்றார் டாக்டர். அந்த மனிதர் நூறு வருஷம் வாழவேண்டும் என்று நான் அங்கேயே வேண்டிக்கொண்டேன்.

பல வருஷம் கழித்து வேறொரு டாக்டர் இதை எனக்குப் பொறுமையாக விளக்கினார். நம் உடம்பு முழுக்கத் தலைமுடியைவிட மெல்லிய ரத்தக் குழாய்கள் இருக்கின்றனவாம். சில பேருக்கு அந்தக் குழாய்களுக்குள் ரத்தம் பொடிப்பொடியாக உறைந்து அடைத்துக்கொள்கிறது. ரத்தம் உறைவதற்கு வேண்டிய சரக்கெல்லாம் அங்கேயே செலவாகிவிடுவதால், உறையவேண்டிய இடத்தில் உறையாமல் தோலுக்கடியிலும் ஈறிலும் கசிகிறது. அதுதான் அந்தப் புள்ளி. பந்தியில் முதல் வரிசைக்கே நெய்யெல்லாம் ஊற்றித் தீர்த்துவிட்டு, கடைசி வரிசைக்கு வெறுஞ்சோறு போடுகிற கதைதான். ஏன் வருகிறது என்று கேட்டேன். சிலருக்குப் பிறவிக் குறை, சிலருக்கு ஏதோ கிருமி, சில பெண்களுக்குப் பிள்ளைப்பேற்றுச் சமயத்தில், சிலருக்கு ஆகாத மருந்தால் என்றார். பெண்டாட்டியின் சமையலால் வருமா என்றும் கேட்டேன். வராது என்றார். நாத்தனார் அப்போது பக்கத்தில் இருந்தார், காது கேட்கவில்லை என்று சொல்லிவிட்டார்.

என் கணவர் தேறி எழ ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. தோட்டத்துக்குத் திரும்பும் ரயிலில் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தார். கிள்ளான் வருவதற்குச் சற்று முன்னால்தான் வாயைத் திறந்தார்.

"யாருக்கும் தெரியக்கூடாது."

"என்ன தெரியக்கூடாது?"

"கொய்னாவாலதான் டிரஸருக்கு இப்பிடி ஆச்சுன்னு தெரிஞ்சா ஒருத்தன் குடிப்பானா? மழை வரப்போவுது. மறுபடியும் புள்ளைங்க..." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆகவே நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஊரை ஏமாற்ற முடிவு செய்தோம். வாளியில் மொண்டு குவளையில் ஊற்றுவதுபோல் அகப்பையால் பாவனை காட்டிவிட்டு, முன்கூட்டியே அந்தக் குவளையில் ஊற்றிவைத்த வேறொன்றைக் குடிப்பது. என்ன ஊற்றுவது என்பது என் பொறுப்பு. கசப்பாக இருக்கவேண்டும் என்று நிலவேம்பைப் போட்டு நன்றாகக் கொதிக்கவைத்து வற்றக் காய்ச்சினேன். என் கைராசி, அது கொய்னாவைவிட நாலு மடங்கு கசந்தது. பெரட்டில் அதைக் குடித்தவர் இரண்டு கண்ணையும் மூடி, உடம்பை முறுக்கி, கங்காணி தோளைப் பிடித்துக்கொண்டார். முன்வரிசை அப்படியே பின்னால் நகர்ந்தது. மருந்தைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை மாற்றிவிட்டார், முன்னே இருந்ததைவிட மோசம் என்று செய்தி பரவி, அன்றைக்குப் பாதிப் பேர் மரங்களுக்குள் ஓடிவிட்டார்கள்.

மறுநாள் கோப்பி ஓ என்கிற பால் கலக்காத கறுப்புக் கோப்பியைச் சீனி போடாமல் ஊற்றிக் கொடுத்தேன். மனுஷனுக்கு அது பிடித்துத் தொலைத்தது. குடித்துவிட்டு உதட்டை வேறு நக்கிக்கொண்டார்.

அதை ஒருத்தி பார்த்துவிட்டாள். ரப்பர் பால் வெட்டுகிறவள், வாட்டசாட்டமான பெண், எப்போதும் முன்வரிசையில் நின்று டிரஸர் வாயைச் சோதிக்கிறவள். போன மழையில் தன் குழந்தைக்குத் தானே வாயைப் பிளந்து கொய்னா ஊற்றியவளும் அவள்தான்.

"டிரஸரையா, ஒங்க கொவளையில இருக்கறத எங்களுக்கும் ஊத்துங்க. வாளியில இருக்கறத நீங்க குடிங்க."

சிரிப்பு எழுந்தது. பிறகு சிரிப்பு நின்று முணுமுணுப்பு வந்தது. எங்கள் வீடு திடலுக்கு எதிரே என்பதால் எல்லாம் எனக்குக் கேட்டது. "ஆமா, வாளியில குடிக்கட்டும்" என்று ஒருவன் சொன்னான். வரிசை கலையத் தொடங்கியது. என் கணவர் குவளையைக் கீழே வைத்தார். அகப்பையை எடுத்து வாளிக்குள் விட்டார். இம்முறை பாவனை இல்லை. ததும்பத் ததும்ப மொண்டு, வாய்க்கு நேராகத் தூக்கினார்.

நான் எப்படிப் படியிறங்கினேன் என்று எனக்குத் தெரியாது. தலைமுடி அவிழ்ந்து, கையில் தோசைக்கரண்டியோடு ஓடிப்போய் அகப்பையைத் தட்டிவிட்டேன். மருந்து முழுவதும் கங்காணி கோட்டில் விழுந்தது.

"குடிச்சா செத்துப்போவாரு" என்று கத்தினேன். "அவரு ரத்தத்துக்கு அது ஆகாது. டாக்டரு சொல்லிட்டாரு. ஒங்களுக்காகத்தான் அத மறைச்சிக்கிட்டுத் திரியிறாரு. இப்ப ஒங்க முன்னாலயே சாகப் பாக்கறாரு."

கணவர் என்னைப் பார்த்த பார்வையில், எல்லாவற்றையும் பாழாக்கிவிட்டாயே என்பது தெரிந்தது. எனக்குக் கவலையில்லை, உயிரோடு நின்று முறைக்கட்டும்.

பால் வெட்டுகிற பெண்தான் முதலில் பேசினாள். "ஆகாதா? அத மொதல்லயே சொல்றதுக்கென்ன? எங்க வீட்டுக்காரருக்குக் கத்தரிக்கா ஆகாது. தின்னா மூஞ்சி வீங்கிக்கும். அதுக்காக நாங்க கத்தரிக்கா ஆக்காம இருக்கோமா?"

"எனக்கு நண்டு ஆகாது" என்றான் பின்னாலிருந்து ஒருவன். ஒருத்திக்கு மாங்காய் ஆகாதாம். கங்காணி, கோட்டைப் பிழிந்துகொண்டே, தனக்குக் கொள்ளு ஆகாது, ஆனால் அதைப் பெண்கள் முன்னால் விளக்க முடியாது என்றார். அந்தப் பெரட்டில் அதற்குப் பிறகு வேலைப் பேச்சே இல்லை. யாருக்கு எது ஆகாது என்பதுதான் பேச்சு. நாங்கள் ரயிலில் பயந்துகொண்டு வந்த விஷயம் அவர்களுக்கு ஒரு விஷயமாகவே படவில்லை.

"சரி, இப்ப யாரு மொதல்ல குடிக்கிறது?" என்றாள் அவள்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"நீங்க குடிங்க டிரஸரம்மா. ஒரே வீடுதானே."

"வேணாம்" என்றார் என் கணவர். லட்சத்தில் ஒருத்தருக்குத்தான் வரும் என்று டாக்டர் சொன்னது அவருக்குத் தெரியும். அந்த ஒருத்தர் அவராகவே இருந்ததால் அந்தக் கணக்கில் அவருக்கு நம்பிக்கை போயிருந்தது. நான் அகப்பையை வாங்கிக் குடித்தேன். என்ன கசப்பு. ஆவென்று வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கி, அவள் பார்த்துத் தலையாட்டும்வரை நின்றேன். வரிசை நகர்ந்தது.

அன்று சாயங்காலம் விளக்கேற்றியதும் அவர் முக்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னார். புடவையைக் கெண்டைக்கால்வரை தூக்கச் சொன்னார். கல்யாணமாகி இத்தனை காலத்தில் அந்த மனிதர் என் காலைப் பார்த்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. தரையில் உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விளக்கைக் கிட்டே பிடித்து, அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். எனக்குக் கூச்சத்தில் சிரிப்பு வந்தது. காலை இழுத்துக்கொண்டேன், அவர் விடவில்லை. அப்போதுதான் விளக்கின் சுடர் ஆடுவதைப் பார்த்தேன். காற்று இல்லை. அவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது. காலையில் வாளியில் மொண்ட அகப்பை அவர் கையில் கொஞ்சமும் ஆடவில்லை, அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. எனக்குச் சிரிப்பு போய்விட்டது.

"ஒண்ணுமில்ல" என்றார். "கொசுக்கடி ஒண்ணு. அவ்வளவுதான்."

நாங்கள் அந்தத் தோட்டத்தில் இருந்தவரை காலையில் நான் குடித்தேன், சாயங்காலம் அவர் பார்த்தார். எனக்கு ஒரு புள்ளியும் வரவில்லை. ஆசையாக ஒரு வார்த்தை அவர் என்னிடம் சொன்னதில்லை, அந்த "ஒண்ணுமில்ல"வைத்தான் தினமும் சொன்னார், எனக்கு அது போதுமாக இருந்தது. ஒருநாள் லயத்தில் யாருக்கோ பிரசவம் என்று போனவர் திரும்ப நேரமாகிவிட்டது. நான் விளக்கைத் துடைத்து ஏற்றிவைத்துவிட்டு, முக்காலியை நானே எடுத்துப் போட்டு, காலை நீட்டிக்கொண்டு, அவர் வரும்வரை உட்கார்ந்திருந்தேன்.